கை மீட்டரா, மேஜை மீட்டரா?

மதுரையிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருக்கிறார். கடிதம் நாலு பக்கம். மூன்று பக்கம் பிள்ளையைப் பற்றிய பெருமை; நாலாவது பக்கத்தில்தான் சமாசாரம். பிள்ளை பாலிடெக்னிக்கில் இரண்டாவது வருஷம் படிக்கிறான். மொட்டை மாடி அறை முழுவதும் கம்பியும் ஈயமும் கிடக்கின்றன. பழைய ரேடியோவைப் பிரிக்கிறான். பக்கத்து வீட்டு மிக்ஸியைச் சரி செய்து கொடுக்கிறான். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும்படி ஏதோ செய்து வைத்திருக்கிறான். இப்போது அவனுக்கு ஒரு மல்டிமீட்டர் வேண்டுமாம். கையில் பிடிக்கிற சாதாரண மீட்டர் அல்ல. பரிசோதனைச் சாலைகளில் மேஜைமேல் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்குமே, அது. "சீட்டு எடுத்த பணம் முப்பதாயிரம் இருக்கிறது, ஐயா. கொடுத்துவிடலாமா? இவன் அப்பாவோ, முந்நூறு ரூபாய் மீட்டரே ஜாஸ்தி என்கிறார்" என்று முடித்திருக்கிறார்.

முந்நூறுக்கும் முப்பதாயிரத்துக்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருக்கிறது, அம்மா. அப்பா சொல்வதும் சரியில்லை, பிள்ளை சொல்வதும் சரியில்லை என்று சொன்னால் இருவருமே என்மேல் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

மீட்டர் என்றதும் வாசலில் மின்சார வாரியத்தார் மாட்டிவிட்டுப் போன பெட்டியை நினைத்துக்கொள்ளும் நேயர்களுக்காக ஒரு வார்த்தை. மல்டிமீட்டர் முக்கியமாக மூன்று காரியம் செய்யும். மின்சாரம் எவ்வளவு அழுத்தத்தோடு நிற்கிறது என்பதை வோல்ட்டில் சொல்லும். எவ்வளவு ஓடுகிறது என்பதை ஆம்பியரில் சொல்லும். வழியில் எவ்வளவு தடை இருக்கிறது என்பதை ஓமில் சொல்லும். கம்பி நடுவில் அறுந்திருக்கிறதா என்று 'பீப்' சத்தம் போட்டும் சொல்லும். சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர், நடுவில் ஒரு திருகு, மேலே எண்கள். அவ்வளவுதான்.

இந்தக் கருவி பிறந்த கதையே நம் கேள்விக்குப் பாதி பதில் சொல்லிவிடும். இங்கிலாந்தில் தபால் இலாகாவில் டொனால்ட் மக்காடி என்று ஓர் எஞ்சினீயர் இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே தந்தியும் டெலிபோனும் தபால் இலாகாவின் வேலை. லைனைச் சோதிக்கப் போகிறபோதெல்லாம் வோல்ட்டுக்கு ஒரு கருவி, ஆம்பியருக்கு ஒரு கருவி, ஓமுக்கு ஒரு கருவி என்று சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தது. மனிதருக்கு அலுத்துவிட்டது. மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றின் முதல் எழுத்துக்களையும் சேர்த்து 'ஆவோ' என்று பெயரிட்டு, 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. அந்த வம்சத்தில் 1951-ல் வந்த எட்டாம் மாடல் உலகமெங்கும் ரேடியோ ரிப்பேர்க் கடைகளில் ராஜாவாக வீற்றிருந்தது. ஆவோ மீட்டர் தயாரிப்பு 2008-ல்தான் நின்றது.

கவனித்தீர்களா? மல்டிமீட்டர் பிறந்ததே தூக்கிக்கொண்டு போவதற்காக. மேஜையில் உட்கார்ந்தது பிற்பாடுதான். 1950களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஆண்ட்ரூ கே என்பவர், முள்ளுக்குப் பதிலாக எண்களையே காட்டும் வோல்ட் மீட்டரைக் கொண்டுவந்தார். அதைப் பையில் போட முடியாது, மேஜைதான் கதி. எண்கள் மறுபடியும் கைக்கு அடக்கமாக வருவதற்குக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1977-ல் ப்ளூக் கம்பெனியார் வெளியிட்ட 8020-ஏ மீட்டர் அந்த வழியைப் பலமாகத் திறந்துவிட்டது.

ஆகவே இரண்டும் அண்ணன் தம்பி. பெரியது உசத்தி, சின்னது மட்டம் என்பதில்லை. காய்கறிக்காரர் தராசும் பத்தர் தராசும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தர் தராசு கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும். காற்று அடித்தால் ஆடும். குன்றிமணி எடையைக்கூடச் சொல்லும். அதற்காக அதைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் நிறுக்க முடியுமா?

மேஜை மீட்டரின் பெருமை என்ன? முதலாவது, எண்கள். கடையில் "மூன்றரை இலக்கம்", "ஐந்தரை இலக்கம்" என்பார்கள். இலக்கத்தில் அரை எங்கிருந்து வந்தது என்று மிரள வேண்டாம். முதல் இடத்தில் பூஜ்யமோ ஒன்றோ மாத்திரம் வரும். அதனால் அதற்கு அரை மரியாதை. மூன்றரை இலக்க மீட்டர் 1999 வரை எண்ணும். ஐந்தரை இலக்க மீட்டர் 1,99,999 வரை எண்ணும்.

இந்த வித்தியாசம் எங்கே உதவும்? உதாரணமாக லித்தியம் பாட்டரி. டெலிபோனில், டார்ச்சில், பிள்ளைகள் விடும் குட்டி விமானத்தில் எல்லாம் இருக்கிறதே, அதுதான். அந்த வகையில் பெரும்பாலானவற்றை 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்யலாம், சாதாரணமாக 0.05 வோல்ட்டுக்குமேல் பிசகக் கூடாது என்பார்கள். மிஞ்சினால் பாட்டரி கெடும். மிகவும் மிஞ்சினால் தீப்பிடிக்கும். பையனிடம் மூன்றரை இலக்க மீட்டர் இருக்கிறது, பிழை 0.5 சதவீதம், கூட இரண்டு எண் என்று அதன் குறிப்பில் போட்டிருக்கிறது. 20 வோல்ட் அளவில் வைத்துப் பார்க்கிறான். மீட்டர் 4.20 என்கிறது. கணக்குப் போட்டால் சதவீதத்துக்கு 0.021, இரண்டு எண்ணுக்கு 0.02, ஆகமொத்தம் 0.041 வோல்ட் இப்படியும் அப்படியும் இருக்கலாம். பாட்டரிக்கு அனுமதித்த பிசகு முழுவதையும் மீட்டரே ஏறக்குறைய விழுங்கிவிட்டது! 6,000 வரை எண்ணுகிற நடுத்தரக் கை மீட்டரில், அதே 0.5 சதவீதமும் மூன்று எண்ணும் என்றால் 0.024 வோல்ட்தான். ஐந்தரை இலக்க மேஜை மீட்டரில் பொதுவாக இது ஓரிரு மில்லிவோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் மேஜை மீட்டர்தானே வேண்டும் என்பான் பிள்ளை. பாட்டரிக்கு நடுத்தரக் கை மீட்டரே போதும் என்பதை அந்தக் கணக்கிலேயே பார்த்துவிட்டோம். இன்னொன்றும் உண்டு. குறிப்புப் புத்தகத்தில் போட்டிருக்கும் அந்தத் துல்லியம் பெரும்பாலும் 18 டிகிரியிலிருந்து 28 டிகிரி வரை உள்ள வெப்பத்துக்குத்தான். மேஜை மீட்டரைப் போட்டுவிட்டு அரை மணியோ ஒரு மணியோ சூடேற விட்ட பிறகுதான் அதுவும். கை மீட்டருக்கும் இந்த நிபந்தனை உண்டு. ஆனால் அதில் கடைசி இலக்கத்துக்கென்று நாம் பணம் கொடுக்கவில்லை. மதுரையில், சித்திரை மாதத்தில், மொட்டை மாடி அறையில் 28 டிகிரியா? விடியற்காலை மூன்று மணிக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

குறை மாத்திரம் சொல்வது தர்மமல்ல. மேஜை மீட்டருக்கென்றே சில வேலைகள் உண்டு. ராத்திரி முழுவதும் ஒரு பாட்டரி எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமா? கை மீட்டர் பாட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகச் சிறிது நேரத்தில் தானே தூங்கிவிடும். மேஜை மீட்டர் விடிய விடிய விழித்திருந்து, கம்ப்யூட்டருக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கும். மிகச் சிறிய தடைகளை அளக்கவும் அது கெட்டி. கை மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் வராது, 0.2, 0.3 ஓம் என்று ஏதாவது வரும். அது ஒயரின் சொந்தத் தடை. 0.1 ஓம் தடையை அளக்கப் போனால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூனைக்குட்டியை நிறுத்த கதைதான். நல்ல மேஜை மீட்டர்களில் நாலு ஒயர் போட்டு அளக்கும் வசதி உண்டு. இரண்டு ஒயர் வழியாக மின்சாரம் போகும். மற்ற இரண்டும் அளக்க மாத்திரம். ஒயரின் தடை கணக்கில் வராது. பலகையில் எந்த இடத்தில் ஈயம் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகியிருக்கிறது என்று தேட இது அருமையான வழி. தவிர, எண்கள் பெரிதாகத் தெரியும்; ஒயரை இழுத்தால் மேஜையிலிருந்து விழாது. வயசானவர்களுக்கு இதுவே பெரிய சௌகரியம்.

ஆனால் பையன் என்னென்ன செய்கிறான் என்று கடிதத்தை மறுபடி பார்த்தேன். மிக்ஸி பக்கத்து வீட்டில், தொட்டி மாடியில், மோட்டார் கிணற்றடியில். மின்சாரம் போனால் அப்பாவே, "டேய், ப்யூஸ் என்ன ஆயிற்று பார்" என்று கூப்பிடப் போகிறார். சுவரில் ப்ளக் இல்லாமல் உயிர் பெறாத மீட்டரை எடுத்துக்கொண்டு, மின்சாரம் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்கக் கிளம்புவது வேடிக்கையாக இருக்காதா? பழுது இருக்கிற இடத்துக்குக் கை மீட்டர் போகும். மேஜை மீட்டரிடம் பழுதைத்தான் கொண்டுவர வேண்டும்.

ஆகவே முதலாவது மீட்டர் கை மீட்டர். சந்தேகமே வேண்டாம். ஆனால் எந்தக் கை மீட்டர்? இங்கேதான் அப்பாவோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

சென்னை ரிச்சி தெருவில் மாத்திரமல்ல, எந்த ஊர் எலக்ட்ரிக் கடையிலும் ஒரு மஞ்சள் மீட்டர் தொங்கும். டிடி-830 என்று எண் போட்டிருக்கும். சில நூறு ரூபாய்தான். டார்ச் பாட்டரியையும் சின்ன ஸர்க்யூட்டையும் பார்க்க அது மோசமில்லை. நானே ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அதன் முகத்தை நன்றாகப் பாருங்கள். 10 ஆம்பியர் துவாரத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில், 'ப்யூஸ் கிடையாது' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பொடி எழுத்துக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது.

திருவல்லிக்கேணியில் நாற்பது வருஷம் ரேடியோவும் டெலிவிஷனும் ரிப்பேர் செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவரை இதற்காகப் போய்ப் பார்த்தேன். அலமாரியைத் திறந்து, பாதி உருகிப்போன சிவப்பு ஒயர் முனை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது எப்படி ஆச்சு தெரியுமா தம்பி? கடையில ஒரு பையன் இருந்தான். மொதல்ல ஆம்பியர் பார்த்திருக்கான். ஒயர் ஆம்பியர் ஓட்டையிலேயே இருக்கு. அதை மறந்துட்டு ப்ளக் பாயிண்டுல வோல்ட் பார்க்கப் போனான். டமார்னு ஒரு சத்தம். புருவம் பொசுங்கிப் போச்சு. கண்ணு தப்பிச்சது அவங்க அம்மா செஞ்ச புண்ணியம்."

"மீட்டர் என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

"மீட்டர் கிடக்குது, விடுங்க. அப்புறம் கடையில எல்லாருக்கும் ஒரே சட்டம். ஆம்பியர் பார்த்தா, அந்த நிமிஷமே ஒயரை வோல்ட் ஓட்டைக்கு மாத்திட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்கணும்."

காரணம் எளிது. ஆம்பியர் அளக்கும்போது மீட்டர் வெறும் கம்பி மாதிரி ஆகிவிடுகிறது. அப்படி ஆனால்தான் ஓட்டத்தைத் தடுக்காமல் அளக்க முடியும். அந்தக் 'கம்பி'யை 230 வோல்ட்டின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்தால் சுத்தமான ஷார்ட். நல்ல மீட்டரில் உள்ளே ஒரு பீங்கான் ப்யூஸ், மணல் நிரப்பியது, இருக்கும். அது எரிந்து, தீப்பொறியை மணலுக்குள்ளேயே அடக்கிவிடும். சாதாரணக் கண்ணாடி ப்யூஸ் இந்த அடியில் வெடித்தே போகலாம். ப்யூஸே இல்லாவிட்டால் மீதிக் காரியத்தை ஒயரும் கையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று, வகுப்பு. நல்ல மீட்டரின் முகத்தில் 'கேட்' என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு, மூன்று, நான்கு என்று ரோமன் எண் இருக்கும். உலகத்துக்குப் பொதுவான தரவிதி இது. இரண்டாம் வகுப்பு என்றால் ப்ளக்கில் செருகும் சாமான்களுக்கு. மூன்றாம் வகுப்பு வீட்டு ஒயரிங்குக்கும் ஸ்விட்சுப் பலகைக்கும். நாலாம் வகுப்பு தெருவிலிருந்து லைன் உள்ளே வரும் இடத்துக்கு. நம் வீட்டில் 230 வோல்ட்தானே, 600 வோல்ட் மீட்டர் தாங்காதா என்று கேட்கலாம். 230 என்பது ஒரு விதச் சராசரி. அலையின் உச்சி சுமார் 325 வோல்ட். அது போகட்டும், தூரத்தில் இடி விழுந்தாலோ பெரிய மோட்டார் நின்றாலோ, கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் லைனில் பாய்ந்து மறையும். மூன்றாம் வகுப்பு 600 வோல்ட் மீட்டர், 6,000 வோல்ட் பாய்ச்சலைத் தாங்குகிறதா என்று சோதிக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், விலை உயர்ந்த மேஜை மீட்டர்கள் பலவற்றில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டாம் வகுப்பு, 300 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும். ஸ்விட்சுப் பலகைக்குள் கைவிடும் வேலைக்கு அது செய்யப்படவே இல்லை.

மலிவு மீட்டர்களிலும் 'கேட் மூன்று' என்று தாராளமாக அச்சடிக்கிறார்கள். அச்சு மை மலிவு. கடைக்காரரிடம் பின்மூடியைத் திறந்து ப்யூஸைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இனி சீட்டுப் பணத்துக்கு வருவோம், அம்மா. இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள், 6,000 வரை எண்ணுகிற, மூன்றாம் வகுப்பு, பீங்கான் ப்யூஸ் போட்ட கை மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அந்த மஞ்சள் மீட்டரும் ஒன்று இருக்கட்டும், சின்ன ஸர்க்யூட்டுகளுக்கு மாத்திரம். ஒன்றில் வோல்ட், மற்றதில் ஆம்பியர் என்று ஒரே சமயத்தில் பார்க்க இரண்டு மீட்டர் வேண்டியிருக்கும். ஒற்றை மேஜை மீட்டர் வாங்கியவன் இந்த இடத்தில் பக்கத்து வீட்டில் போய்க் கடன் கேட்பான். மீதிப் பணம் பாங்கியில் இருக்கட்டும்.

பிள்ளைக்கு இரண்டு வார்த்தை. தம்பி, மின்சாரம் இல்லை என்று மீட்டர் சொன்னால் உடனே நம்பிக் கை வைக்காதே. முதலில் மின்சாரம் நிச்சயமாக இருக்கிற ப்ளக்கில் வைத்துப் பார். பிறகு சந்தேகமான இடத்தில் பார். மறுபடி அந்த நல்ல ப்ளக்கில் பார். மூன்றும் ஒத்து வந்தால்தான் மீட்டரும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மாறாக, எதிலும் சேராத கம்பியில்கூட சில சமயம் 40, 50 வோல்ட் காட்டும். பேய் அல்ல. பக்கத்துக் கம்பியிலிருந்து தொற்றிய அற்ப மின்சாரம். மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம் என்பதால் அதையும் மோப்பம் பிடித்துவிடுகிறது. மீட்டரில் பாட்டரி இறங்கிய அடையாளம் தெரிந்தால் அன்றைக்கே மாற்று. இறங்கின பாட்டரியோடு சில மீட்டர்கள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். நீ நல்ல சாமானைக் கழற்றிக் குப்பையில் போட்டுக்கொண்டிருப்பாய்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, வேலையெல்லாம் மேஜையிலேயே நடக்கிறது, கடைசி இலக்கம் போதவில்லை என்று அவனே எழுதிவைத்த கணக்கைக் காட்டிக் கேட்டால், அப்போது மேஜை மீட்டர் வாங்கலாம். பழையதாகவே வாங்கலாம். ஹ்யூலட் பாக்கர்ட் கம்பெனியார் 1990களின் ஆரம்பத்தில் கொண்டுவந்த 34401-ஏ என்ற ஆறரை இலக்க மீட்டர் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது. வாங்கும்போது எண்கள் மங்கலாக எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். பழசாகிவிட்டால் அந்தத் திரை மங்கும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்தால் பூஜ்யத்தில் நிற்கிறதா, கை மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ப்ளக்கில் செருகுவதற்கும் முன்னால், பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த மீட்டராக இருந்தால், அங்கேயுள்ள குச்சி 120 வோல்ட்டில் நிற்கும். அதை நம் ஊர் வோல்ட்டுக்கு மாற்றி, அதற்கேற்ற ப்யூஸும் போட்ட பிறகுதான் ஸ்விட்சைத் தொட வேண்டும்.